உங்கள் ஊருக்குப் பல்கலைக்கழகம் வருகிறதாம்: கை தூக்கும் முன் பார்க்க வேண்டியவை

வளர்ந்துவரும் சிறுநகரத்துக்குப் பல்கலைக்கழக வளாகம் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பினால் முதலில் ஏறுவது மனை விலை. அடுத்து வருவது ஒரு வண்ணப்படம்: கண்ணாடிக் கட்டடம், புல்வெளி, முதுகில் பையோடு சிரித்துக்கொண்டு நடக்கும் நான்கு பேர். எல்லாம் முடிந்து, ரொம்பத் தாமதமாக, என்னைப் போன்ற ஆட்களைக் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷம் சிறுநகரங்களுக்குக் குடிநீர், கழிவுநீர்த் திட்டம் போட்டுக் கொடுத்தவள் நான். வளாகம் வேண்டுமா வேண்டாமா என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. "தண்ணி கொடுக்க முடியுமா மேடம்?" என்றுதான் கேட்பார்கள்.

அதற்குப் பதில் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். எத்தனை பேர் வருவார்கள், எங்கே தங்குவார்கள், எந்தெந்த மாதம் ஊரில் இருப்பார்கள், எத்தனை வருஷம் இந்தக் கூட்டம் நிலைக்கும். இதையெல்லாம் தோண்டித் துருவி முடிப்பதற்குள், வளாகம் அந்த ஊருக்கு உதவுமா என்ற பெரிய கேள்விக்கும் முக்கால்வாசி விடை கிடைத்துவிடும். அப்படித் தோண்டுவது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போகிறவர், கவுன்சிலர், பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர் யாரும் செய்யக்கூடியதுதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வளாகங்களுக்கு எதிரி இல்லை. அன்னா வலேரோ, ஜான் வான் ரீனன் என்ற இரு பொருளியலாளர்கள் 78 நாடுகளில் ஏறத்தாழ 15,000 பல்கலைக்கழகங்களின் தரவை எடுத்து ஒரு கணக்குப் போட்டு 2019-ல் வெளியிட்டார்கள். ஒரு வட்டாரத்தில் பல்கலைக்கழகங்களின் எண்ணிக்கை 10 சதவீதம் கூடினால், பின்னாளில் அங்கே தலைக்கு உற்பத்தி சுமார் 0.4 சதவீதம் கூடுகிறது என்பது அதில் வந்த விடை. நல்ல விஷயம்தான். ஆனால் மைக்கைப் பிடித்து "ஊரே மாறிடும்" என்கிறவரின் குரலில் 0.4 சதவீதம் கேட்காது. அதோடு இது சராசரி. சராசரிக்குக் கீழே நிற்கும் ஊர்களில் உங்களுடையதும் ஒன்றாகிவிடக் கூடாது, அவ்வளவுதான் நம் கவலை.

மாணவர் எண்ணிக்கையைப் பிடித்து உலுக்குங்கள்

எல்லாத் திட்ட அறிக்கையிலும் ஒரு வரி இருக்கும்: "பத்து ஆண்டுகளில் 6,000 மாணவர்கள்." மீதி நூறு பக்கமும் அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது. கடைக்கு வரும் வியாபாரம், வேலைவாய்ப்பு, பேருந்து, வீட்டு வாடகை எல்லாம் 6,000-ஐ எதனோடாவது பெருக்கி வந்தவை. நானும் அப்படித்தான் பெருக்குவேன். விடுதியில் தங்குகிறவருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் 6,000 பேருக்கு 8,10,000 லிட்டர். அதில் எண்பது சதவீதம் கழிவுநீராகத் திரும்பி வரும், அதாவது ஏறத்தாழ ஆறரை லட்சம் லிட்டர். குழாயின் விட்டம், தொட்டியின் கொள்ளளவு, பம்பின் குதிரைத்திறன் எல்லாம் இதிலிருந்து. 6,000 தப்பு என்றால் அத்தனையும் தப்பு.

ஒருமுறை அறிக்கை எழுதிய ஆலோசகரிடம் நேரடியாகவே கேட்டேன்: "இந்த 6,000 எங்கேயிருந்து வந்தது?" அவர் கொஞ்சம் நெளிந்தார். அப்புறம் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். மொத்தக் கட்டடப் பரப்பை எடுத்து, ஒரு மாணவருக்கு இவ்வளவு சதுர மீட்டர் என்று வகுத்திருந்தார். கட்டடத்தின் அளவு முதலில் முடிவாகிவிட்டது. அதை நிரப்ப எத்தனை பேர் வேண்டும் என்பதைத்தான் "எதிர்பார்க்கப்படும் மாணவர்கள்" என்று எழுதியிருந்தார்கள். சட்டையைத் தைத்துவிட்டு ஆளைத் தேடுகிற கதை. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமில்லை, அவரிடம் கேட்டது அவ்வளவுதான்.

எனவே நீங்களே ஒரு கணக்கு எடுங்கள். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். உங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பள்ளிகளில் இப்போது ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேர் என்று கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். எட்டு வருஷம் கழித்துக் கல்லூரி வாசலில் நிற்கப்போகிறவர்கள் அவர்கள்தான், புதிதாக யாரும் வானத்திலிருந்து குதிக்கப் போவதில்லை. பிறகு முதல் வகுப்பின் எண்ணிக்கையை எடுத்து ஐந்தாம் வகுப்போடு ஒப்பிடுங்கள். முதல் வகுப்பு சிறிதாக இருந்தால் மாணவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்று அர்த்தம். பிறப்பு விகிதம் பல நாடுகளில் இறங்கிக்கொண்டிருக்கிற காலம் இது. ஊர் வளர்கிறது என்பதற்காகப் பதினெட்டு வயதுக்காரர்களும் பெருகுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓய்வுபெற்றவர்கள் வந்து குடியேறுவதால் வளரும் ஊர்களும் உண்டு.

இரண்டாவது, ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் மற்றக் கல்லூரிகளில் போன வருஷம் நிரம்பாமல் போன இடங்கள் எத்தனை என்று பாருங்கள். பக்கத்து ஊரில் இடம் காலியாகக் கிடக்கும்போது புது வளாகம் நிரம்பும் என்றால், அங்கே இல்லாதது இங்கே என்ன இருக்கப்போகிறது என்று கேட்க வேண்டும். "தரமான கல்வி" என்பது பதில் ஆகாது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரிச்லேண்ட் சென்டர் என்று ஒரு சின்ன ஊர். மாநிலப் பல்கலைக்கழகத்தின் இரண்டாண்டு வளாகம் ஒன்று 1967-ல் அங்கே வந்தது. 2014-ல்கூட 500-க்கு மேல் மாணவர்கள் இருந்தார்கள். 2022-ல் அறுபது பேர். 2023-ல் வகுப்புகளை நிறுத்திவிட்டார்கள். எட்டே வருஷம்! நான் போடும் தண்ணீர்க் குழாய் முப்பது வருஷத்துக்கானது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மெர்செட் வளாகம் 2005-ல் 875 மாணவர்களோடு திறந்தது. வயல்வெளிக்கு நடுவே இது எதற்கு என்று சிரித்தவர்கள் உண்டு. பதினைந்து வருஷத்தில் ஏறத்தாழ 9,000 பேர் ஆகிவிட்டார்கள். சுற்றியிருந்த பெரிய பள்ளத்தாக்குக்கே அந்தப் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்றும் அதுவரை இல்லை, தேவை தேங்கிக் கிடந்தது. கனடாவின் பிரின்ஸ் ஜார்ஜ் இன்னும் சுவாரசியம். வடக்கு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று 16,000 பேர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். ஆளுக்கு ஐந்து டாலர் கொடுத்துப் போட்டார்கள். 1990-ல் சட்டம் வந்தது, 1994-ல் வளாகம் திறந்தது. உங்கள் ஊரிலும் ஆதரவுக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருப்பார்கள். சின்னத் தொகை ஒன்றைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வரைபடமும் ஒரு துண்டு நூலும்

இதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம், கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திட்ட அறிக்கையில் இடத்தைப் பற்றி "நகரத்துக்கு மிக அருகில்" என்று இருக்கும். ஒரு கூட்டத்தில் "நான்கு கிலோமீட்டர்" என்றார்கள். என் பையில் எப்போதும் ஒரு வெள்ளை நூல் இருக்கும், தலையணை உறை தைக்கிற நூல்தான். 1:50,000 வரைபடத்தை மேசையில் விரித்து, பேருந்து நிலையத்திலிருந்து வளாகத்தின் வாசல் வரை சாலை வளைகிற இடமெல்லாம் வளைத்து நூலை வைத்தேன். பதின்மூன்று சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு 500 மீட்டர், ஆக ஆறரைக் கிலோமீட்டர். அவர்கள் சொன்ன நான்கு, காக்கை பறக்கும் தூரம். நடுவில் ஓடையும் ரயில் பாதையும் இருந்தன. இன்று கைபேசியிலேயே இந்த வேலை முடிந்துவிடும், ஆனால் கூட்டத்தில் எல்லோர் கண்ணெதிரே நூலை நீட்டிக் காட்டும்போது வரும் அமைதி கைபேசியில் வராது.

தூரம் ஏன் முக்கியம்? நடந்து வந்துவிடும் தூரம் என்றால் மாணவர் மாலையில் ஊருக்குள் வருவார். கடையில் வாங்குவார், நூலகத்தில் உட்காருவார், பகுதிநேர வேலை பார்ப்பார். ஆறரைக் கிலோமீட்டர் என்றால் வளாகத்துக்கு உள்ளேயே உணவகமும் கடையும் முளைக்கும், ஊர்க் கடைத்தெருவுக்கு வரும் வியாபாரம் அறிக்கையில் போட்டதில் பாதிகூடத் தேறாது. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். ஏழரை என்று பதில் வந்தால், ஊரும் வளாகமும் இரவில் வேறு வேறு ஊர்கள்.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் வந்தது. ரயில் பாதைக்கு ஒருபக்கம் கோயில் நகரம், மறுபக்கம் அண்ணாமலை நகர் என்று தனியாக ஒரு ஊரே உருவானது. இங்கிலாந்தின் லிங்கன் வேறு வழியில் போனது. 1996-ல் ஊரின் நடுவே, பிரேஃபர்ட் என்ற நீர்நிலையின் கரையில், பயனில்லாமல் கிடந்த பழைய ரயில்வே நிலத்தில் வளாகத்தை வைத்தார்கள். பழைய தானியக் கிடங்கு ஒன்று பிறகு நூலகமாக மாறியது. ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடை. முன்னே சொன்ன பிரின்ஸ் ஜார்ஜில் வளாகம் ஊருக்கு மேலே ஒரு குன்றின் மேல் இருக்கிறது. காட்சி அற்புதம்தான், ஆனால் சாயங்காலம் காலாற நடந்து கடைத்தெருவுக்கு வரும் இடமல்ல அது.

குன்று என்றதும் எனக்குத் தண்ணீர் ஞாபகம் வந்துவிடும். அறுபது மீட்டர் உயரமான இடத்தை "அமைதியான சூழல்" என்று தேர்ந்தெடுத்தால் அந்த எட்டு லட்சம் லிட்டரையும் தினமும் அறுபது மீட்டர் ஏற்ற வேண்டும். பம்பும் மோட்டாரும் சேர்ந்து அறுபது சதவீதத் திறனோடு ஓடினால் நாளுக்குச் சுமார் 220 யூனிட் மின்சாரம். கட்டுமானச் செலவுப் பட்டியலில் இது வராது, ஏனென்றால் இது மாதாமாதம் வரும் கட்டணம். யார் கட்டுவது என்று அறிக்கையில் தேடுங்கள், பெரும்பாலும் இருக்காது.

இலவசமாகக் கிடைக்கும் நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாராவது பெருந்தன்மையாக நிலம் கொடுக்கிறார் என்றால், அதைச் சுற்றியிருக்கும் நிலம் யாருடையது என்று பதிவு அலுவலகத்தில் பாருங்கள். பத்து ஏக்கர் கொடுத்துவிட்டு, அதைச் சுற்றிலும் இருக்கும் நாற்பது ஏக்கரின் மதிப்பை ஏற்றிக்கொள்வது புதிய வித்தை ஒன்றும் இல்லை. அதற்காக வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த இடத்துக்குச் சாலையும் குழாயும் ஊர்ப் பணத்தில் போகிறது என்றால் ஏறும் மதிப்பில் ஊருக்கும் பங்கு கேட்கலாம். நிலத்தில் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். மெர்செட்டில் முதலில் நினைத்த இடத்தில் மழைக்காலக் குட்டைகளும் அவற்றில் மட்டுமே வாழும் அரிய சின்ன இறால் வகைகளும் இருந்ததால், வளாகத்தின் முதல் கட்டடங்களைப் பழைய கோல்ஃப் மைதானம் ஒன்றுக்கு நகர்த்த வேண்டியிருந்தது. வருஷங்கள் ஓடிவிட்டன.

விடுமுறை நாளில் பாருங்கள்

வளாகம் வைத்திருக்கிற வேறொரு சிறுநகரத்துக்கு ஒருநாள் போய் வாருங்கள். திறந்திருக்கும் காலத்தில் போகாதீர்கள், அப்போது எல்லா ஊரும் கலகலவென்றுதான் இருக்கும். நீண்ட விடுமுறையில் போங்கள். எத்தனை கடை பூட்டியிருக்கிறது, பேருந்து எத்தனை குறைகிறது, வாடகை வீடுகள் எத்தனை இருட்டாகக் கிடக்கின்றன என்று பார்த்தால் வருஷத்தில் மூன்று நான்கு மாதம் உங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும்.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை நடத்துகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே வேலை செய்வது நுண்ணுயிர்கள், அவற்றுக்குக் கழிவுதான் சாப்பாடு. ஆறாயிரம் பேர் ஒரே வாரத்தில் ஊருக்குப் போய்விட்டால் அவை பட்டினி கிடந்து சாகும். இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை எல்லோரும் திரும்பி வருவார்கள், அன்று வேலை செய்ய ஆளிருக்காது. நாற்றம் ஓடைப்பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்குத்தான் முதலில் போய்ச் சேரும். ஒரே பெரிய தொட்டிக்குப் பதில் இரண்டு சிறிய தொட்டிகளாகக் கட்டி, விடுமுறையில் ஒன்றை மூடிவிடுவது இதற்கு ஒரு வழி. செலவு கொஞ்சம் கூடும். "விடுமுறையில் சுத்திகரிப்பு நிலையம் எப்படி ஓடும்?" என்று மட்டும் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். பதில் தயாராக இருந்தால், யோசித்துத் திட்டம் போட்டிருக்கிறார்கள் என்று நம்பலாம்.

எங்கே தூங்குவார்கள், வரி யார் கட்டுவார்கள்

6,000 மாணவர்கள், விடுதியில் 1,500 படுக்கை என்று இருந்தால் மீதி 4,500 பேர் எங்கே? உள்ளூர்ப் பிள்ளைகளைக் கழித்துவிட்டு மிச்சத்தை நான்கால் வகுங்கள். அத்தனை வீடு ஊரின் வாடகைச் சந்தையிலிருந்து போகும். நான்கு மாணவர்கள் பங்கு போட்டுக் கொடுக்கும் வாடகையை ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பம் கொடுக்க முடியாது, வீட்டுக்காரர் யாரைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லவே வேண்டாம். ஆகவே விடுதி முதலில் எழும்ப வேண்டும், வகுப்பறையோடு சேர்ந்தாவது எழும்ப வேண்டும். "இரண்டாம் கட்டத்தில் விடுதி" என்று எழுதியிருந்தால் அந்த இரண்டாம் கட்டம் வருகிறவரை உங்கள் வீடுகள்தான் விடுதி.

எதிர்பார்ப்பில் கட்டித் தள்ளுவதும் ஆபத்து. மெர்செட்டில் வளாகத்தை நம்பி வீடுகள் எழும்பிக்கொண்டே இருந்தன. 2008 நெருக்கடியில் அமெரிக்காவிலேயே அதிகமாக வீடுகள் ஜப்தியான ஊர்களில் அதுவும் ஒன்றானது. வளாகம் தப்பியது, வீடு வாங்கினவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

வரி விஷயம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் பல இடங்களில் கல்வி நிறுவன நிலத்துக்குச் சொத்து வரி கிடையாது. இங்கிலாந்தில் வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் அந்த வீட்டுக்கு உள்ளாட்சி வரியும் இல்லை. குப்பை அள்ளுவதும் தெருவிளக்கும் மட்டும் நகராட்சி கணக்கில். அமெரிக்காவின் இத்தாக்கா நகரம் இதைப் பற்றிக் கார்னெல் பல்கலைக்கழகத்தோடு நீண்டகாலம் இழுபறி நடத்தி, கடைசியில் 2023-ல் ஆண்டுக்கு 40 லட்சம் டாலர் பல்கலைக்கழகம் தருவதாக ஒப்பந்தம் போட்டது. வேரூன்றி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆன ஒரு நிறுவனத்திடம் கேட்டு வாங்குவது அவ்வளவு கஷ்டம். வருவதற்கு முன்னால் கேட்பது சுலபம்.

ஊரும் பல்கலைக்கழகமும் முட்டிக்கொள்வது நேற்று வந்த விஷயம் இல்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டு நகர்கிறேன். 1355-ல் ஆக்ஸ்ஃபர்டில் ஒரு மதுக்கடையில் ஒயின் சரியில்லை என்று ஆரம்பித்த வாய்த்தகராறு பல உயிர்களைப் பலிகொண்ட கலவரமானது. அதற்காக ஊர் மேயர் வருஷாவருஷம் பல்கலைக்கழகத்துக்குக் கட்டிவந்த அபராதம் 1825 வரை நீடித்தது.

படித்தவர்கள் தங்குவார்களா

"நம்ம பிள்ளைகள் இனி ஊரை விட்டுப் போக வேண்டாம்" என்பது எல்லாக் கூட்டத்திலும் கைதட்டல் வாங்கும் வாக்கியம். படிக்கும் வரை போக வேண்டாம், சரி. படித்து முடித்த பிறகு?

நார்வேயின் வடகோடியில் உள்ள ட்ரம்சோவில் பல்கலைக்கழகம் அமைக்க 1968-ல் முடிவெடுத்து 1972-ல் திறந்தார்கள். வடக்கே மருத்துவர்கள் வந்து தங்குவதில்லை என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. அங்கே படித்து வந்த மருத்துவர்களைப் பற்றி 1993-ல் வந்த ஓர் ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்கள் வடக்கிலேயே வேலை பார்ப்பது தெரிந்தது. வடக்கிலேயே வளர்ந்தவர்களை மட்டும் எடுத்தால் பத்துக்கு எட்டுப் பேர். கட்டடம் கட்டியதால் மட்டும் இது நடக்கவில்லை. அந்த வட்டாரத்துக்கு எது குறையோ அந்தப் படிப்பை வைத்தார்கள், அந்த வட்டாரத்துப் பிள்ளைகளும் அதில் சேர்ந்தார்கள். இரண்டும் உங்கள் திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளூர் மாணவர்களுக்கு எவ்வளவு இடம் என்ற வரி இல்லையென்றால் எழுதி வாங்க வேண்டும்.

படிப்புப் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஊரில் ஐம்பது பேருக்கு மேல் வேலை கொடுக்கும் இடங்களின் பட்டியலைப் பக்கத்தில் வையுங்கள். மருத்துவமனை, ஆலை, கிடங்கு, அரசு அலுவலகம், என்ன இருக்கிறதோ அது. கோடு போட்டு இணைக்க முடிகிற படிப்புகள் எத்தனை? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-ல் தொடங்கியபோதே சில மாதம் வகுப்பு, சில மாதம் தொழிற்சாலையில் சம்பளத்தோடு வேலை என்று பொறியியல் படிப்பை அமைத்தது. பக்கத்தில் தொழிற்சாலைகள் இருந்ததால் முடிந்தது. செலவு குறைவு, ஆசிரியர் எளிதில் கிடைப்பார் என்பதற்காக எல்லா ஊரிலும் வைக்கும் அதே மூன்று படிப்புகளை உங்கள் ஊரிலும் வைக்கப்போகிறார்கள் என்றால், படித்தவர்கள் போகும் பேருந்துக்கும் நேரம் குறித்துவைத்துவிடலாம்.

சிறிதாகத் தொடங்குவதில் வெட்கம் இல்லை

வேண்டும், வேண்டாம் என்ற இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்பது போலக் கூட்டத்தை நடத்துவார்கள். நடுவில் நிறைய இருக்கிறது. இருக்கும் கல்லூரியைப் பெரிதாக்கலாம், ஒரே ஒரு துறையைக் கொண்டுவரலாம், ஊர் நடுவே ஒரு கட்டடத்தில் மாலை வகுப்பு தொடங்கலாம். சுவீடனின் ஊமியோவில் 1950-களில் முதலில் வந்தது பல் மருத்துவப் படிப்பு. முழுப் பல்கலைக்கழகம் 1965-ல்தான் வந்தது.

நான் ஒரு ஊரில் வற்புறுத்தியது இதைத்தான். ஆறாயிரம் பேருக்கான குழாயை முதல் நாளே புதைக்காமல் 1,500 பேருக்கு ஒரு குழாயும், அதன் பக்கத்தில் இரண்டாவது குழாய்க்கு இடமும் விடச் சொன்னேன். இரண்டாவது குழாய் எப்போது என்று தேதி போடவில்லை. தொடர்ந்து இரண்டு வருஷம் 1,200 மாணவர்களுக்கு மேல் இருந்தால் போடுவது என்று எழுதினோம். "மேடத்துக்கு நம்பிக்கையே கிடையாது" என்றார் ஒருவர். முதல் வருஷம் வகுப்பு தொடங்கிய அன்று காலை ஆறே முக்காலுக்கு மேல்நிலைத் தொட்டி அடியில் போய் நின்றேன், அளவு எவ்வளவு இறங்குகிறது பார்க்க. ஒரு மணி நேரத்தில் ஒரு சாண்கூட இறங்கவில்லை. வால்வு திறந்துவிடுகிறவர் என்னைப் பார்த்து, "இன்னைக்கு லீவுங்களா?" என்றார். 380 பேர்தான் சேர்ந்திருந்தார்கள். இரண்டாவது குழாயை ஒன்பதாவது வருஷம் போட்டார்கள்.

காலியானால் யார் கையில்

கசப்பான கேள்வி, அதனால் கடைசியில் வைத்தேன். ரிச்லேண்ட் சென்டரில் நிலமும் கட்டடமும் உள்ளூர்க் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) நிர்வாகத்துடையவை. வகுப்பு நடத்தியது பல்கலைக்கழகம். வகுப்பு நின்றதும் பல்கலைக்கழகம் போய்விட்டது, கட்டடங்களை என்ன செய்வது என்ற தலைவலி உள்ளூர்க்காரர்களுக்கு வந்தது. கனடாவின் சட்பரியில் லாரன்ஷியன் பல்கலைக்கழகம் 2021 பிப்ரவரியில் கடன் கொடுத்தவர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. சில மாதங்களில் 69 படிப்புகளை நிறுத்தி ஏறத்தாழ 200 பேரை வேலையிலிருந்து எடுத்தது. பெரிய பெயர், பழைய நிறுவனம் என்பதெல்லாம் உத்தரவாதம் ஆகாது.

ஆகவே ஒப்பந்தத்தில் இவை எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்: மூடினால் நிலம் யாருக்குத் திரும்பும், ஊர் போட்ட குழாய்க்கும் சாலைக்கும் பாக்கியிருக்கும் கடனை யார் கட்டுவார்கள், மூடுவதற்கு எத்தனை வருஷம் முன்னால் சொல்ல வேண்டும், படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களை எங்கே சேர்ப்பார்கள். புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று ஒரு தாளைக் காட்டினால் மயங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் அதில் "முயலும்", "பரிசீலிக்கும்" என்ற வினைச்சொற்கள்தான் இருக்கும். ஒரு பேனாவை எடுத்து அந்த வினைச்சொற்களை மட்டும் வட்டமிடுங்கள். "கட்டும்", "செலுத்தும்", "திருப்பித் தரும்" என்று எத்தனை தேறுகிறது என்று எண்ணுங்கள். நான் பார்த்த ஒரு பதினொரு பக்கத் தாளில் தேறியது ஒன்று: நகராட்சி தண்ணீர் "வழங்கும்".

கூட்டத்தில் பேச மூன்று நிமிடம் கொடுப்பார்கள். கொள்கை பேசி அதை வீணாக்காதீர்கள். 6,000 எங்கிருந்து வந்தது, விடுதி எந்தக் கட்டத்தில், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, மூடினால் நிலம் யாருக்கு, இந்த நான்கையும் கேட்க ஒரு நிமிடம் போதும். மேடையில் வாய்மொழியாக வரும் பதிலை நம்பி வீட்டுக்குப் போகாமல், அதே நான்கையும் தாளில் எழுதி இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பதில் வர முப்பது நாள் ஆகும் என்பார்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்கை எடுக்க அவ்வளவு நாள்கூடத் தேவைப்படாது.